பெண்கள் நேரம்

ஐம்பதைத் தொடப்போகிற வருடத்தில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆபீஸில் உட்கார்ந்தால் நாற்காலி குத்தியது, வீட்டுக்கு வந்தால் வீடு குத்தியது. மகள் படித்து முடித்து வேலைக்கென்று பெங்களூர் போய்விட்டாள். சமையல் பாதியாகக் குறைந்தது, துவைப்பதும் குறைந்தது. ஆனால் என் கைகால்களுக்கு யாரும் அதைச் சொல்லவில்லை போலிருக்கிறது. அவை பழைய வேகத்திலேயே எதையாவது தேடிக்கொண்டிருந்தன. படுத்தால் கால் தானாக ஆடும். "ஏளா, கட்டில் ஆடுத ஆட்டத்துல நிலநடுக்கம்னு எழும்பிட்டேன்," என்று என் வீட்டுக்காரர் குறைபட்டுக்கொள்வார். டாக்டரிடம் போனேன். ரத்தம், தைராய்டு எல்லாம் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லம்மா, ஏதாவது விளையாடுங்க," என்றார். சின்னப் பிள்ளையிடம் சொல்வதுபோல அவர் சொன்னது எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அந்தச் சொல் மனதில் ஒட்டிக்கொண்டது.

விளையாட இந்த ஊரில் இடமா இல்லை? பாளையங்கோட்டை ஸ்டேடியத்தில் விடிகிற நேரம் போய்ப் பாருங்கள், நிற்க இடம் கிடைக்காது. போலீஸ் தேர்வுக்கு ஓடுகிற பையன்கள் ஒரு பக்கம் நாக்குத் தள்ள ஓடிக்கொண்டிருப்பார்கள். ஹாக்கி மட்டையோடு ஒரு கூட்டம், சிலம்பம் வீசுகிற ஒரு கூட்டம், ஸ்கேட்டிங் சக்கரத்தில் உருண்டு விழும் வாண்டுகள், அவர்களுக்குப் பின்னால் தண்ணீர் பாட்டிலும் கையுமாக அம்மாக்கள். வாலிபால் நெட்டுக்கு இரண்டு பக்கமும் சண்டை. எல்லோருக்கும் ஓடுவதற்கு ஒரு காரணம் இருந்தது. கான்ஸ்டபிள் வேலை, ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் காலேஜ் சீட்டு, அதுவும் இல்லையென்றால் சர்க்கரை. ஒரு காரணமும் இல்லாமல் வந்தவள் நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன். "நீங்க எதுக்கு மேடம் வாரீங்க?" என்று கேட்காத ஆள் இல்லை. எதுக்கு, எதுக்கு, எதுக்கு! காலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் வருகிறேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

முதலில் நடந்தேன். கூட நடந்தவர்கள் ரிட்டயரான டீச்சர்கள், நல்லவர்கள், மருமகள்களைப் பற்றிப் பேசுவதற்காகவே நடந்தார்கள். நான் வேகமாகப் போனால் "பைய நடங்கம்மா, கதை பாதியில நிக்கிதுல்லா" என்று பின்னாலிருந்து குரல் வரும். கதைக்காக நான் எத்தனை நாள் காலைக் கட்டிப்போட முடியும்? விட்டுவிட்டேன். ஷட்டில் போனேன். உள்ளரங்கு, பளபளவென்ற தரை, மணிக் கணக்கில் புக் செய்து ஆடுகிற இடம். இரட்டையர் ஆட்டத்தில் எனக்கு ஜோடியாக வந்த மனிதர் என் பக்கம் வருகிற பந்தையும் பாய்ந்து பாய்ந்து எடுத்தார். "நீங்க சும்மா அங்கன நில்லுங்க மேடம், நான் பாத்துக்கிடுதேன்," என்றார். நிற்கவா நான் வந்தேன்? மட்டையை அவர் பையின் மேலேயே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

யோகாவுக்கும் போனேன். கடைசியில் சவாசனம் என்று எல்லோரையும் மல்லாக்கப் படுக்கவைத்தார்கள். என் கால் தன் வேலையைக் காட்டியது. "மேடம், பிணம் ஆடாது," என்றார் மாஸ்டர். எனக்குச் சிரிப்பு வந்து, பக்கத்துப் பிணத்துக்கும் சிரிப்பு வந்து, வகுப்பே கெட்டது. ஆபீஸ் பையன்கள் செயற்கைப் புல்விரிப்பு மைதானத்தை வாடகைக்கு எடுத்து ஆடுகிற கிரிக்கெட்டுக்கு என்னை அம்பயராக நிற்கச் சொன்னார்கள். மேனேஜர் ரன் அவுட். நான் விரலைத் தூக்கிவிட்டேன். அடுத்த வாரத்திலிருந்து யாரும் கூப்பிடவில்லை.

இதையெல்லாம் என் வீட்டுக்காரர் சோபாவில் இருந்தபடி வேடிக்கை பார்த்தார். அவரைப்போல ஒரு விளையாட்டுப் பைத்தியத்தை நீங்கள் பார்த்திருக்க முடியாது. கபடி ஏலத்தில் யார் எந்த அணிக்குப் போனான் என்பது அவருக்கு மனப்பாடம். ஊருக்கு வெளியே மின்விளக்கு போட்டு லீக் கிரிக்கெட் நடந்தால், ஐம்பத்துநாலு வயதில் கன்னத்தில் சாயம் பூசிக்கொண்டு, கையில் பீப்பியோடு போய் உட்கார்ந்து ஊதுவார். பேட்ஸ்மேன் காலை எங்கே வைத்திருக்க வேண்டும் என்று டிவியைப் பார்த்துத் திட்டுவார். "விளையாட்டுன்னா உங்களுக்கு உசிரு. விளையாட மட்டும் மாட்டிய," என்பேன். "ஆடுதவனுக்கு ஆட்டம் தெரியாதுளா. பாக்கவனுக்குத்தான் தெரியும்," என்பார். கோபம்தான் வரும் எனக்கு, ஆனால் அந்த மனிதரிடம் கோபத்தை ரொம்ப நேரம் பிடித்துவைக்க முடியாது.

பைபாஸ் பக்கம் ஒரு தனியார் நீச்சல் குளம் இருக்கிறது. ஆபீஸ் போகிற வழியில் அதன் வாசலில் ஒரு பலகையைப் பார்த்தேன். காலை ஆறு முதல் ஏழு வரை பெண்கள் நேரம், பெண் பயிற்சியாளர் உண்டு என்று எழுதியிருந்தது. வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டேன். நான் கல்லிடைக்குறிச்சிக்காரி. ஆற்றுப் படித்துறையில் இருந்து குதித்து எதிர்ப்பக்கத்துப் பாறையைத் தொட்டுவிட்டு வருகிறவள். பெரியவளானதும் அது நின்றுபோயிற்று. குளிக்கலாம், துவைக்கலாம், நீந்தக்கூடாது. பெண் பிள்ளை நடு ஆற்றில் கிடந்தால் நாலு பேர் பார்ப்பார்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். இப்போது டவுன் பக்கம் ஆற்றில் இறங்கலாம் என்றால் சாக்கடை கலக்கிற இடத்தில் அமலைச் செடி மண்டிக் கிடக்கிறது. அதனால் நீச்சல் என்ற ஒன்று எனக்குத் தெரியும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

முதல் நாள் முழுக்கால் உடையும் ரப்பர் தொப்பியுமாகக் குதித்தேன். குதித்த வேகத்தில் அக்கரை போய்ச் சேர்ந்தும்விட்டேன். கோச் ஒரு சின்னப் பெண், இருபத்தைந்து இருக்கும், முன்பு மாநில அளவில் நீந்தியவள். விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "யக்கா, நீங்க நீந்துதீங்களா, யாரையும் தேடுதீங்களா?" என்றாள். ஆற்றில் நாங்கள் தலையைத் தூக்கிக்கொண்டுதான் நீந்துவோம். போகிற இடம் தெரிய வேண்டாமா? அதோடு நான் புறப்பட்ட இடத்துக்கு நேர் எதிரே போய்ச் சேரவில்லை. இடது மூலையில் போய் முட்டிக்கொண்டு நின்றேன். மறுபடி நீந்தச் சொன்னாள், மறுபடியும் இடது மூலை. காதில் கோளாறா, கண்ணில் கோளாறா என்று அந்தப் பெண் என்னைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள்.

யோசித்துப் பார்த்தபோதுதான் எனக்கே விளங்கியது. எங்கள் படித்துறையிலிருந்து பாறைக்கு நேரே பார்த்து நீந்தினால் பாறைக்குப் போக முடியாது. இழுப்பு நம்மைக் கீழே கொண்டுபோய்விடும். அதனால் பாறைக்கு மேலே, இடது கைப் பக்கம் குறிவைத்துப் போக வேண்டும். சாய்ந்து போனால்தான் நேரே போய்ச் சேரலாம். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, உடம்பு தானாகப் படித்துக்கொண்டது. நான் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கோச் குளத்தின் விளிம்பில் உட்கார்ந்து சிரித்தாள். "இங்க தண்ணி ஓடலக்கா. சும்மா கிடக்கு. தலைய உள்ள வச்சு, அடியில ஒரு கறுப்புக் கோடு தெரியுதுல்லா, அது மேலேயே போங்க," என்றாள். முகத்தை உள்ளே வைத்தால் நேரே போனேன். தலையைத் தூக்கினால் அந்த நிமிடமே இடதுபக்கம் சாய்ந்தேன். எத்தனை வருடம் கழித்தும் உடம்பு அந்த ஆற்றிலேயே கிடக்கிறதே என்று எனக்கு ஆச்சரியமாகவும் கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது.

அந்த ஒரு மணி நேரத்துக்கு வந்த பெண்கள் பத்துப் பேர் இருப்போம். பேங்கில் இருப்பவர், போலீஸ்காரப் பெண் ஒருத்தி, காலேஜ் பிள்ளைகள். என்னோடு ஒட்டிக்கொண்டவள் காயல்பட்டினத்துக்காரி. நாற்பது வயது. புருஷன் துபாயில், மகன் படிப்புக்காகப் பாளையங்கோட்டையில் வீடு பிடித்து இருந்தாள். கடல் ஊரில் பிறந்தவள் கணுக்காலுக்கு மேல் கடலில் இறங்கியதில்லை. நீந்தப் போகிறேன் என்று போனில் சொன்னதும் புருஷன் மறுபேச்சுப் பேசவில்லையாம். உடம்பு முழுக்க மூடுகிற நீச்சல் உடையை அங்கேயிருந்து வாங்கி அனுப்பிவைத்தாராம். அதைப் போட்டுக்கொண்டு வந்து வாரக் கணக்கில் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். கோச் கெஞ்சினாலும் விடமாட்டாள். "விட்டா முங்கிருவேன்க்கா." "முங்குனா நான் தூக்குவேன்ளா," என்பேன். "நீங்க எந்தப் பக்கம் போவீங்கன்னு யாருக்குத் தெரியும்?" என்பாள். வாய் மட்டும் ஆழமான பக்கத்துக்குப் போய்வரும்.

ஒருநாள் கையை விட்டாள். யாரும் சொல்லவில்லை, தானாகவே விட்டாள். மல்லாந்து கிடந்தாள், மூக்கும் வாயும் மட்டும் வெளியே தெரிந்தது. நாங்கள் எல்லோரும் நீந்துவதை நிறுத்திவிட்டு அவளைச் சுற்றி நின்றோம். எழுந்து நின்றபோது அவள் கண் சிவந்திருந்தது. "காது ரெண்டும் தண்ணிக்குள்ள போயிருச்சுக்கா. ஒரு சத்தமும் இல்ல. காலிங்பெல் இல்ல, போன் இல்ல, பையன் கூப்புடுத சத்தம் இல்ல. நான் மட்டும் இருந்தேன். அல்ஹம்துலில்லாஹ்," என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. எதுக்கு வாரீங்க என்று ஊரே என்னைக் கேட்டதற்கு அவள் பதில் சொல்லிவிட்டாள் என்று பட்டது. அன்றிலிருந்து தினமும் கடைசிப் பத்து நிமிடம் அவள் மிதப்பாள். யாரும் தண்ணீரைக் கலக்கமாட்டோம்.

அப்போதுதான் குளத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்த அண்ணாச்சி ஒரு காலையில் கோச்சையும் எங்களையும் கூப்பிட்டார். கெட்டவர் இல்லை. அவருக்கும் கரண்டு பில் வருகிறது. பையன்களுக்கு நீச்சல் அகாடமி ஒன்று அவரிடம் காலை நேரம் கேட்டிருக்கிறது. நாற்பது பையன்கள், ஒவ்வொருவனும் ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்குக் குறிவைத்தவன். "அந்தப் பயலுவ மெடல் வாங்கிட்டு வருவானுவ, போட்டோ மாட்டலாம். உங்க நேரத்துல என்னம்மா நடக்கு? சும்மா மிதக்கிய," என்றார். காயல்பட்டினத்துக்காரி தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "மிதக்கதுக்குத்தானே அண்ணாச்சி தண்ணி?" என்றேன். கோச் என் கையைப் பிடித்து அமுக்கினாள். அடுத்த மாதம் இதே குளத்தில் மூத்தோருக்கான மாவட்டத் தேர்வு நடக்கிறது என்றும், எங்களில் ஒருத்தி மாநிலப் போட்டிக்குத் தேர்வானால் இந்த நேரத்தை எங்களுக்கே விட்டுவைக்கலாமா என்றும் கேட்டாள். அண்ணாச்சி யோசித்தார். "ஒரு ஆள் போனாக்கூட போதும். போட்டோ மாட்டி, பெண்கள் நேரம் பெண்களுக்கேன்னு நானே எழுதி வைக்கேன். போகலைன்னா மனசுல வச்சுக்கிடாதிய," என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எங்களில் வேகமாக நீந்துகிறவள் நான்தான். வெளியே வந்து செருப்பைப் போடும்போது காயல்பட்டினத்துக்காரி சொன்னாள். "உங்களுக்கு என்னக்கா, எங்க வேணும்னாலும் நீந்துவிய. எனக்கு இந்த ஒரு மணி நேரம்தான் உண்டு. பாத்துச் செய்யுங்க." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அன்று ஆபீஸில் ஒரு கூட்டல்கூட எனக்குச் சரியாக வரவில்லை.

அந்த மாதம் நான் கறுப்புக் கோட்டைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை என்றே சொல்ல வேண்டும். கோச் கறாராக இருந்தாள். தலை ஒரு விரற்கடை மேலே வந்தாலும் விசில். வீட்டில் என் வீட்டுக்காரர் தானாகவே ஆலோசகர் பதவியை எடுத்துக்கொண்டார். சாப்பாட்டு மேசையில் கரண்டியை நீச்சல்காரியாக வைத்துச் சாம்பார் வாளிவரை ஓட்டிக் காட்டுவார். "ஸ்டார்ட்தான் முக்கியம்ளா. அதுல பாதி ரேஸ் முடிஞ்சிரும்." "நீங்க எந்த ரேஸ்ல நீந்துனிய?" என்று கேட்டால் சாம்பார் சிந்தும்.

தேர்வு ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் நேரத்தில் குளம் கயிறு ஒன்றும் இல்லாமல் திறந்தே கிடக்கும். அன்று குளத்தின் நீளத்துக்குக் கயிறு கட்டி லேன் பிரித்திருந்தார்கள். கயிறு பழசு, இழுத்துக் கட்டவில்லை. துணி காயப்போட்ட கொடியைப்போல நடுவில் தொய்ந்து தண்ணீருக்குள் கிடந்தது. பெண்கள் பிரிவில் நான்கு பேர். எனக்கு இடதுபக்க லேனில் வள்ளியூரிலிருந்து வந்த ஒரு டீச்சர், ஒல்லியாக, அமைதியாக நின்றார். எங்கள் பெண்கள் எல்லோரும் படிக்கட்டில். காயல்பட்டினத்துக்காரி புர்காவில் முன்வரிசையில் உட்கார்ந்து, உதடு அசைய ஏதோ ஓதிக்கொண்டிருந்தாள். என் வீட்டுக்காரர் அவர்களுக்குப் பின்னால். கையில் பீப்பி இருந்ததை நான் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் போட்டிக்கு முன்பே பிடுங்கி எறிந்திருப்பேன்.

விசில் அடித்ததும் விழுந்தேன். ஸ்டார்ட் நன்றாக இருந்தது, அதை ஒத்துக்கொள்கிறேன். முகம் உள்ளே, கோடு கீழே, கை தானாகப் போய்க்கொண்டிருந்தது. பாதித் தூரம் இருக்கும். மூச்சுக்கு முகத்தைத் திருப்பினேன் பாருங்கள், அந்த நேரம் பார்த்து அந்த மனிதர் பீப்பியை ஊதினார். நான் முன்னால் போகிறேன் என்ற சந்தோஷத்தில், லீக் மேட்சுக்கு ஊதுகிற மாதிரி, அடிவயிற்றிலிருந்து ஊதினார். படிக்கட்டில் இருந்த எல்லோரும் கத்தினார்கள். என் தலை மேலே வந்துவிட்டது. எதிர்ச்சுவர் தெரிந்தது. சுவரைப் பார்த்த பிறகு நான் கோட்டைத் தேடவில்லை. வயிற்றில் எதுவோ உரசியது, உதைத்துத் தள்ளிவிட்டுப் போனேன். சுவரைத் தொட்டேன். திரும்பிப் பார்த்தால் எனக்கு முன்னால் யாரும் இல்லை. கையைத் தூக்கினேன்.

ஒருவரும் கை தட்டவில்லை. நடுவர் குனிந்து, "மேடம், நீங்க யாரு லேன்ல நிக்கீங்க?" என்று கேட்டார். வள்ளியூர் டீச்சருடைய லேனில் நின்றேன். அவரை வழிமறித்துக்கொண்டு போயிருக்கிறேன். பாவம், அவர் நடுக்குளத்தில் கயிற்றைப் பிடித்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். விதிப்படி நான் தகுதி நீக்கம். அவரைத் தனியாக மறுபடி நீந்தச் சொன்னார்கள், அவர் தேர்வானார். போகும்போது என்னிடம் வந்து, "நீங்க ஆத்துல பழகுனவங்களா? நான் கிணத்துல பழகுனேன். எங்களுக்கு ஏதாவது ஒண்ணுன்னா உடனே கயித்தப் பிடிச்சிருவோம்," என்று சிரித்தார். எனக்குச் சிரிக்க வரவில்லை. அவர் எங்கள் குளத்துப் பெண் இல்லை. அவர் போட்டோவை அண்ணாச்சி இங்கே மாட்டப்போவதில்லை.

காயல்பட்டினத்துக்காரி கீழே இறங்கி வந்து என் தோளில் துண்டைப் போர்த்தினாள். "நீங்கதான்க்கா முந்துனீங்க. நாங்க எல்லாரும் பாத்தோம்," என்றாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. வீட்டுக்காரர் பீப்பியை எங்கே ஒளித்தாரோ தெரியாது.

சொன்ன சொல்படி மாதம் முடிந்ததும் பலகையில் எங்கள் வரிக்கு மேலே அகாடமியின் பெயரை ஒட்டிவிட்டார்கள். கோச்சை அந்தப் பையன்களுக்கே உதவியாளராக எடுத்துக்கொண்டார்கள், அந்தப் பெண்ணுக்கும் பிழைப்பு வேண்டும். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் முதலில் வருத்தம் வந்தது, அப்புறம் பூப்போட்ட காலை வணக்கம் வந்தது. என் கால் மறுபடி ராத்திரியில் ஆட ஆரம்பித்தது. ஆறு மணிக்கு விழிப்பு வந்துவிடும். எழுந்து போய் எங்கே நிற்பது? சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தேன். நான் நேரே போயிருந்தால் அவள் இந்நேரம் மிதந்துகொண்டிருப்பாள் என்பதுதான் திரும்பத் திரும்ப வந்தது.

ஒருநாள் பொறுக்கமுடியாமல் குளத்துக்கே போய் அந்தப் பலகையை மேலிருந்து கீழே படித்தேன். ஏழிலிருந்து எட்டு வரை பொது நேரம் என்று இருந்தது. இத்தனை நாள் அந்த வரி என் கண்ணில் பட்டதே இல்லை. பட்டிருக்கும், ஆண்கள் நேரம் என்று வாசித்திருப்பேன். நாங்கள் எல்லோருமே அப்படித்தான் வாசித்திருக்கிறோம். நேரே அண்ணாச்சியிடம் போனேன்.

"அண்ணாச்சி, பொதுன்னு போட்டிருக்கே, அது யாருக்கு?"

"பொதுன்னா எல்லாருக்கும்தான்ம்மா."

"அப்ப நாங்களும் வரலாம்லா?"

அவர் மூக்கைச் சொறிந்தார். "வரலாம். வரக்கூடாதுன்னு எங்க எழுதியிருக்கு? ஆனா ஆம்பளையாளுவ இருப்பாவ. கூட ஒரு ஆம்பளத் துணை இருந்தா நல்லது. ஏதும் பேச்சு வந்துரக்கூடாது பாருங்க."

வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரரிடம், நாளைக்கு ஏழு மணிக்கு நீங்கள் என்னோடு தண்ணீரில் இறங்குகிறீர்கள் என்று சொன்னேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! முதலில் முதுகுவலி என்றார், பிறகு ஜலதோஷம் என்றார். நான் விடவில்லை. "ஊதுனது நீங்க. வந்து நில்லுங்க," என்றேன். கடைசியில், "எனக்குத் தண்ணின்னா பயம்ளா," என்றார். தேரிக்காட்டுச் செம்மணல் பூமியில் பிறந்த மனிதர், முட்டிக்கு மேல் தண்ணீரில் நின்றதே இல்லையாம். இருபத்தாறு வருடமாகக் குற்றாலத்தில் "நான் துணிப்பையப் பாத்துக்கிடுதேன், நீங்க போய்க் குளிங்க" என்று அவர் நின்றதெல்லாம் அதற்காகத்தானாம். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. "கம்பியப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க, அது போதும்," என்றேன்.

மறுநாள் வந்தார். ஆழம் குறைந்த பக்கம், இடுப்பளவு தண்ணீரில், இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். குளத்தில் இருந்த ஆண்கள் என்னைப் பார்த்தார்கள், அவரைப் பார்த்தார்கள், ஒரு புருஷன் இருக்கிறார் என்று தெரிந்ததும் தங்கள் வேலையைப் பார்க்கப் போனார்கள். ஒருவர் மட்டும் எழுந்து வெளியே போய்விட்டார். நான் போகவும் வரவுமாக மூச்சு முட்ட நீந்தினேன். செய்தி குழுவில் போயிற்று. போலீஸ்காரப் பெண் போன் செய்து, "உங்க சார் தினமும் நிப்பாங்கல்லாக்கா?" என்று கேட்டாள். ஸ்டேஷனில் லத்தியோடு நிற்கிறவள் கேட்கிறாள்! பேங்க் அம்மாவும் அதையே கேட்டார். ஒவ்வொருவராக வந்தார்கள். எல்லோருக்கும் சேர்த்து ஒரே துணை, என் வீட்டுக்காரர். அவருக்கும் பெருமை வந்துவிட்டது. "நீங்க நீந்தலையா சார்?" என்று யாரோ அவரைக் கேட்டதற்கு, "நான் இவங்களுக்குப் பாதுகாப்புக்கு வந்திருக்கேன்," என்றார். சொன்ன வாய் மூடுமுன்னே கால் வழுக்கி உள்ளே போய்விட்டார். நாங்கள் மூன்று பேர் பாய்ந்து போய் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, முதுகில் தட்டி, கம்பியைப் பிடிக்கவைத்தோம். அப்படியும், அதற்கு அடுத்த நாளும் அவர் அங்கே நின்றதால்தான் எங்களை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தை எங்கே கொட்டுவது? நீந்தித்தான் தீர்த்தேன்.

காயல்பட்டினத்துக்காரி மட்டும் வரவில்லை. முதலிலேயே கேட்டுப் பார்த்தேன். புருஷனிடம் சொல்லச் சொன்னேன், மகனைக் கூட்டிவரச் சொன்னேன். "யாரும் தடுக்கலக்கா. அவங்க போன்னுதான் சொல்லுதாங்க. எனக்கே வராது. ஆம்பளைங்க இருக்கிற தண்ணியில என்னால மிதக்க முடியாது, உடம்பு இறுகிரும்," என்றாள்.

வீட்டுக்காரர் முங்கிய கதையை அன்று சாயங்காலமே அவளுக்குப் போனில் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். பாதுகாப்பு என்று சொன்ன வாயை மறுபடி மறுபடி சொல்லச் சொல்லிச் சிரித்தாள். பின்னால் அவள் வீட்டுக் குக்கர் விசில் அடித்தது, பையன் எதற்கோ அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். சிரிப்பு நின்ற பிறகும் அவள் போனை வைக்கவில்லை.

"தண்ணி எப்படிக்கா இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"குளோரின அள்ளிக் கொட்டியிருக்கானுவ. கண்ணெல்லாம் எரியுதுளா, நாத்தம் வேற," என்றேன்.

"பொய் சொல்லாதீங்கக்கா," என்றாள்.